பொன்வெளியும் அருவ ஓவியமும்

அன்புள்ள ஐயா,

நாத யோகிகளின் மரபைச் சொல்லும், ஜோத்பூரின் 'நாத் சரித்' ஓவியச் சுவடியில் ஓர் ஏட்டை இணையத்தில் பார்த்தேன். மூன்று கட்டங்களில் முதலாவது வெறும் பொன். 1823-லேயே நம்மவர்கள் உருவம் எதையும் காட்டாத அருவ ஓவியம் வரைந்துவிட்டார்கள் என்று பெருமைப்படலாமா? தாந்திரிகம் என்கிறார்கள், ஆனால் காமக் காட்சி ஏதும் இல்லையே? நல்ல பதிப்பு எங்கே கிடைக்கும்?

க.

அன்புள்ள க.,

அந்த ஏட்டைப் பற்றி எழுதவேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருமைப்படுங்கள், ஆனால் அதற்காக வேண்டாம். ஐரோப்பா பின்னால் செய்ததை நாம் முன்பே செய்தோம் என்னும்போது அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். ஓவியர் புலாகி வரைந்தது ஒரு சுவடியின் முதல் ஏடு. நீங்கள் முதல் கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து ரசிக்கிறீர்கள். இரண்டாவதில் பொன்மீது ஒரு நாத சித்தர் அமர்ந்திருக்கிறார். மூன்றாவதில் வெள்ளி நீர்ப்பரப்பின்மேல் மிதக்கிறார். உருவமற்றது உருவம்கொண்டு படைப்புக்குள் இறங்கும் வரிசை அது. வரிசையைக் கலைத்தால் பொருள் போய்விடும்.

'வெறும் பொன்' என்று எழுத எப்படி மனம் வந்தது? ஜோத்பூரில் ஒரு சிற்றோவியரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். பொன்தூளைப் பிசினில் குழைத்துப் பூசுகிறார். காய்ந்ததும் அழுக்கு மஞ்சளாகத்தான் கிடக்கிறது. அகேட் என்னும் வழவழப்பான மெருகுக் கல்லால் தேய்க்கத் தேய்க்க மெல்ல ஒளி ஏறுகிறது. கட்டைவிரல் அகலத்துக்கே கை கடுத்துப்போகும். இந்த ஏடோ நான்கடி நீளம்! அதில் மூன்றில் ஒரு பங்கு முழுக்கப் பொன். ஒரு கோடுகூட இல்லாத இடத்துக்கு அவ்வளவு உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள் என்றால், பரம்பொருள் அங்கே இருக்கிறது என்று நம்பித்தான்.

காமக் காட்சி பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். நாதர்களின் தாந்திரிகம் ஹடயோகம், உடலுக்குள் அண்டத்தைக் காண்பது. நம் பதினெண் சித்தர்களில் ஒருவரான கோரக்கரை அவர்களின் கோரக்நாதரோடு மரபு ஒன்றாக்குகிறது. கோரக்நாதர் பெயரில் வழங்கும் 'சித்த சித்தாந்த பத்ததி' என்ற நூலுக்கும் 1824-ல் இதே ஜோத்பூர் அரசவையில் ஓவியம் தீட்டினார்கள்.

வரையச் சொன்னவரையும் நினையுங்கள். ஜாலோர் கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த மான் சிங், நாத யோகி ஆயஸ் தேவ்நாத்தின் வாக்கை நம்பிச் சரணடையாமல் இருந்தார். 1803-ல் முற்றுகையிட்ட ஜோத்பூர் மன்னர் பீம் சிங் இறக்க, அரியணை மான் சிங்குக்கு வந்தது. 1815-ல் அந்தக் குருவைக் கொன்றுவிட்டார்கள். எட்டாண்டு கழித்துக் குருமரபின் ஆதியை வரையச் சொல்கிறார் மன்னர். இது தெரியாமல் என்ன அருவ ஓவியம், என்ன பெருமை?

2008-ல் வாஷிங்டனில் தொடங்கிய ஜோத்பூர் ஓவியக் கண்காட்சியின் படத்தொகுப்பில் மூன்று கட்டங்களும் சேர்ந்தே உள்ளன. நூலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.