மனச்சோர்வுக்குத் தலையில் மாட்டும் மின்தூண்டல் கருவி: வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பாதி தேவலை, பாதி அப்படியே இருக்கிறது. தலையில் மாட்டிக்கொள்ளும் மின்தூண்டல் ஹெட்செட் விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. 'மாத்திரையே வேண்டாம், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா? இது ஷாக் ட்ரீட்மென்ட்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை. அதில் மயக்க மருந்து கொடுத்து, சுமார் 800 மில்லியாம்பியர் மின்சாரத்தைச் சில நொடிகள் செலுத்தி வலிப்பை வரவழைப்பார்கள். இந்த ஹெட்செட் தருவது 2 மில்லியாம்பியர்தான், அரை மணி நேரம். இதற்கு டிடிசிஎஸ் என்று பெயர். அதிலும் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலும் போய்விடும். மூளைக்குள் போய்ச் சேர்வது கொஞ்சம். அது நரம்பு செல்களைத் தட்டி எழுப்பாது, சுலபமாக விழித்துக்கொள்ளும் நிலைக்குச் சற்று நகர்த்தும். 2000-ல் ஜெர்மனியில் நீட்ஷே, பவுலஸ் இருவரும் இதைக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை வேகமெடுத்தது.

சரி, 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்கிறார்களே, எந்த ஆய்வில்? விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். 2024-ல் வீட்டிலேயே செய்துகொள்ளும் டிடிசிஎஸ் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேரிடம் 10 வாரம் நடந்தது. நிஜக் கருவி போட்டவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் ஏறக்குறைய அடங்கிவிட்டன. பார்க்க அதே மாதிரி இருந்தாலும் சிகிச்சை தராத போலிக் கருவி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு. இன்னொன்று பிரேசிலில் 210 பேரிடம் நடந்தது. அதில் போலிக் கருவியைவிட நிஜக் கருவி மேல் என்று சொல்ல முடியவில்லை. முதல் ஆய்வில் ஆராய்ச்சிக் குழு வீடியோ அழைப்பில் தொடர்பில் இருந்தது. பிரேசிலில் பக்கத்தில் கவனிக்க ஆள் இல்லாமல் அவரவரே போட்டுக்கொண்டார்கள். வித்தியாசத்துக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், பெட்டியை மட்டும் வாங்கி வருகிறவருக்குக் கிடைப்பது இரண்டாவது ஆய்வின் நிலைமைதான்.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு வேறு. 2023-ல் ஜெர்மனியில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 160 பேருக்குக் கூடுதலாக டிடிசிஎஸ் கொடுத்துப் பார்த்தார்கள். போலிச் சிகிச்சையைவிடப் பலன் கூடவில்லை. அப்புறம் அந்த 'மாத்திரையே வேண்டாம்'. 2017-ல் பிரேசிலில் 245 பேரிடம் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்டபோது, டிடிசிஎஸ் அதற்குக் குறைந்ததில்லை என்று காட்ட முடியவில்லை. விளம்பரத்தை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

என் கருத்து: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பாதிதான் தேவலை என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்றலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம். காந்தத் துடிப்பால் தூண்டும் ஆர்டிஎம்எஸ் சிகிச்சையும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போய்த்தான் செய்துகொள்ள வேண்டும், ஆனால் ஆதாரம் இதைவிட வலுவானது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-லேயே அனுமதி கிடைத்தது.

மருத்துவரே டிடிசிஎஸ் முயன்று பார்க்கலாம் என்றால், முதலில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அந்த 10 வார ஆய்வில் முதல் 3 வாரம் வாரத்துக்கு 5 தடவை, பிறகு 7 வாரம் 3 தடவை. மொத்தம் 36 அரை மணி நேரங்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்கு இது லேசான வேலை இல்லை. கருவியில் பொருத்தும் பஞ்சை மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சில்தான் பிரச்சினையே வருகிறது. உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சு நெற்றியில் சரியாக உட்கார்ந்தால் முதலில் சுருக்சுருக்கென்று அரிக்கும், பிறகு அடங்கும். ஓரம் காய்ந்துவிட்டால் மின்சாரம் ஈரமான சிறு இடத்தில் குவியும். அந்த இடம் சிவந்துபோகும், சிலருக்குத் தோல் வெந்தும் விடும். எரிச்சல் அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், பேஸ்மேக்கர், முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய மனஎழுச்சி வந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி: மகளுக்கு 16 வயது. தேர்வுக்கு ஞாபக சக்தி கூடும் என்று இதே மாதிரி கருவி விற்கிறார்கள். வாங்கித் தரலாமா?

பதில்: கூடாது. வளரும் மூளை அது. நோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கு இதைச் செய்துபார்க்க ஒரு காரணமும் இல்லை. பெரியவர்களிடம் 2013-ல் நடந்த ஓர் ஆய்வில், ஓரிடத்தைத் தூண்டினால் புதிதாகக் கற்பது வேகமானது, ஆனால் கற்றது தானாக வருவது தடைப்பட்டது. வேறோர் இடத்தைத் தூண்டினால் நேர்மாறாக நடந்தது. 2016-ல் துறை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து, வீட்டில் தாமே செய்துபார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஒரு திறன் கூடும்போது இன்னொன்று குறையலாம் என்ற எச்சரிக்கை அதிலும் இருக்கிறது.

கேள்வி: மூட்டு வலிக்கு வாங்கிய டென்ஸ் மெஷின் வீட்டில் இருக்கிறது. அதையே நெற்றியில் ஒட்டினால் என்ன?

பதில்: ஒட்டாதீர்கள். அது விட்டுவிட்டுத் துடிக்கும் மின்சாரம், பல பத்து மில்லியாம்பியர் வரை போகும். கூடவே வரும் கையேட்டைப் பாருங்கள், தலையில் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும். மூட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.