கண்மாய்க் கரையைத் தள்ளுவது பரப்பா, ஆழமா?

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிக்கு மேற்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நேரத்தில் கரையடியில் 8 அடித் தண்ணீர் நிற்கும். மிஞ்சுவதெல்லாம் கடலுக்குத்தானே போகிறது என்று, கலுங்கை (மிகைநீர் வழிந்தோடும் சுவரை) 2 அடி உயர்த்திக் கட்ட, கண்மாய்ப் பாசனம் பெறும் நிலக்காரர்களான ஆயக்கட்டுதாரர்கள் பேசிவருகிறோம். பக்கத்து ஊர்க் கண்மாய் எங்களுடையதைப் போல மூன்று மடங்கு பெரியது; ஆனால் கரை ஒரே அளவுதான். அத்தனை தண்ணீரை அந்தக் கரை தாங்கும்போது 2 அடியை எங்கள் கரை தாங்காதா என்று சிலர் கேட்கிறார்கள். மறுகால் தண்ணீரில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

பதில்: பக்கத்து ஊர்க் கண்மாயை உதாரணம் காட்டுவதில்தான் பிழை இருக்கிறது. நிற்கும் தண்ணீர் கரையைத் தள்ளும் விசை, அந்தத் தண்ணீர் கரைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்ததே அல்ல. கரையடியில் எத்தனை ஆழம் நிற்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. நாரை பறவாத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயானாலும், நாலைந்து ஏக்கரில் அடங்கும் ஊருணியானாலும், கரையடி ஆழம் ஒன்றாக இருந்தால் ஒரு மீட்டர் நீளக் கரையின் மேல் விழும் தள்ளு விசையும் ஒன்றுதான். கடலோர மக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் முழங்கால் உயர மண்வரப்பு உப்புநீரைத் தடுத்து நிற்கிறது. அலையில்லாத கடல் நீரே அதே உயரத்துக்கு அதன் மேல் சாய்ந்து நின்றாலும், அந்த நீர் இலங்கை வரை நீண்டு கிடந்தாலும், வரப்பின் மேல் வரும் தள்ளு அதிகமாகிவிடாது. நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால், கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் என்பதால் அந்த அளவுக்கு மட்டும் வேறுபாடு இருக்கும்.

கணக்கு கடினமானதல்ல. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். எனவே ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் அழுத்தம் ஒரு டன், இரண்டு மீட்டரில் இரண்டு டன். மேலே சுழியமாகத் தொடங்கி அடியில் முழு அளவை எட்டுவதால், சராசரி அழுத்தம் அடியழுத்தத்தில் பாதி. அதை ஆழத்தால் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளக் கரையின் மேல் விழும் மொத்த விசை கிடைத்துவிடும். உங்கள் 8 அடி என்பது சுமார் 2.4 மீட்டர். இன்று மீட்டருக்குச் சுமார் 3 டன் விழுகிறது. 10 அடியானால் சுமார் 4.6 டன். ஆழம் நான்கில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. இந்த விசை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயல்படுவதால், செங்குத்தாக நிற்கும் மடைச்சுவரையும் கலுங்குச் சுவரையும் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விளைவு ஏறக்குறைய இரு மடங்காகிறது. வைகை அணையில் 71 அடி நிற்கும்போது மீட்டருக்கு விழும் தள்ளு, உங்கள் கண்மாயில் விழுவதைப் போல ஏறக்குறைய 80 மடங்கு. அந்த அணையின் பருமனுக்குக் காரணம் அந்த ஆழம்தான், பின்னால் தேங்கியிருக்கும் நீரின் மொத்த அளவு அல்ல.

பரப்பு கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு: அது அலை. காற்று தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு நீளமாக இருந்தால் அலை உயரும், உயர்ந்த அலை கரையின் உட்சரிவை அறுக்கும். பெரிய கண்மாய்களுக்கு உட்புறம் கல் பதிப்பது இதற்காகத்தான்.

இனி மண்கரையைப் பற்றி. சரிவாகப் போட்ட மண்கரை தண்ணீரின் தள்ளுதலால் கவிழ்வது அரிது. சரிவின் மேல் நிற்கும் நீரின் எடையே அதைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. அது உடைவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: உள்ளே ஊறி வெளிச்சரிவில் கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு வருவது, அல்லது தண்ணீர் கரையின் தலையைத் தாண்டி வழிவது. 2 அடி உயர்த்தினால் இரண்டுக்கும் வழி திறக்கிறது. கசிவை உந்துவதும் அதே ஆழ அழுத்தம்தான். உங்கள் வட்டாரத்துக் கரைகளில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடப்பது வழக்கம். அதை வெட்டி அடிவேரை உள்ளேயே விட்டுவிட்டால், வேர் மக்கிய தடம் தண்ணீருக்குக் குழாயாகிவிடும். 8 அடியில் வெறும் ஈரமாகத் தெரியும் இடம் 10 அடியில் ஊற்றாக மாறலாம். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண் வெளியேறுகிறது என்று பொருள், அன்றே ஆள் சேர்த்து மண்மூட்டை அடுக்க வேண்டும். அடுத்தது, கலுங்கின் உச்சிக்கும் கரையின் தலைக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி. பெருமழையில் கலுங்கின் மேல் ஓரிரு அடி நீர் ஏறித்தான் பாயும். அந்த இடைவெளியில் 2 அடியை நீங்கள் எடுத்துக்கொண்டால் வெள்ளத்துக்கு இடமில்லை.

கலுங்குக்கு அப்பால் விழும் தண்ணீரின் கணக்கு வேறு. உள்ளே நிற்கும்போது உயரத்தால் வரும் நிலையாற்றல், விழும்போது இயக்க ஆற்றலாகிறது. 8 அடி உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. 10 அடியானால் 27 கிலோமீட்டருக்கும் மேல். வேகம் சிறிதளவே கூடுவதாகத் தோன்றினாலும், ஒவ்வொரு லிட்டரும் கொண்டுவரும் ஆற்றல் கால் பங்கு கூடுகிறது. அந்த ஆற்றல் கரைந்து தீர்வதற்கான இடம்தான் கலுங்கின் கீழ்ப்பக்கக் கல்தளம். தளம் அரித்து அடியில் குழி விழுந்திருந்தால், சுவரை உயர்த்தும் பேச்சுக்கு முன்பே அதைச் செப்பனிட வேண்டும்.

மடையையும் மறந்துவிடக் கூடாது. 2 அடிச் சதுர ஷட்டரின் அடிவிளிம்பு 8 அடி ஆழத்தில் இருந்தால், அதன் மேல் சுமார் 790 கிலோ விசை அழுத்துகிறது; திருகுத் தண்டில்லாமல் அதைத் தூக்க முடியாததற்கு இதுவே காரணம். 10 அடியில் இது சுமார் 1,020 கிலோவை எட்டும். பழைய குமிழித் தூம்புகளில் (நீருக்கடியில் துளையை அடைத்துத் திறக்கும் மடைகளில்) சிறு துளைகளாகவே வைத்தவர்களின் கணக்கு இங்கே விளங்கும்: அரை அடி விட்டமுள்ள துளையின் அடைப்பின் மேல் அதே 8 அடியில் விழுவது சுமார் 44 கிலோதான், முங்கி இறங்கியவர் கையால் இழுத்துவிடலாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இளைஞர்களின் ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் உயரம் போதாது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 8 அடி விழுந்தால் கிடைக்கும் திறன் சுமார் 24 கிலோவாட்; இழப்பு போக 15 தேறினால் பெரிது. அதுவும் மறுகால் பாயும் சில வாரங்களுக்கு மட்டும். முழுக் கண்மாயையும் கணக்கிட்டாலும் நிலை இதுதான்: 10 லட்சம் கன மீட்டர் நீர் வயல் மட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர் மேலே நின்றால், அதிலுள்ள மொத்த நிலையாற்றல் சுமார் 4,100 யூனிட், ஏறக்குறைய 400 லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றல். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருவது, அங்கே மலைமேலிருந்து பல நூறு அடி இறங்குவதால். சமதளமான ராமநாதபுரத்தில் அந்த இறக்கம் கிடையாது.

ஆகவே என் கருத்து: சுவரை நிரந்தரமாக உயர்த்தாதீர்கள். கண்மாய் எவருடைய பொறுப்பில் இருக்கிறதோ, நீர்வளத் துறையானாலும் ஊராட்சி ஒன்றியமானாலும், அவர்களின் அனுமதியின்றி அதைச் செய்யவும் கூடாது. மேல்பக்க நிலங்கள் முழுகும் சிக்கலும் உண்டு. பழைய கலுங்குகளில் வரிசையாக நட்ட குத்துக்கற்களைப் பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையின் வேகம் அடங்கிய பிறகு, கற்களுக்கிடையே தழையும் களிமண்ணும் அடைத்துக் கடைசித் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கவும், வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிரித்துவிடவும் செய்த ஏற்பாடு அது. உங்கள் கலுங்கில் அந்தக் கற்கள் இருந்தால், கரை நன்றாக இருக்கும் நிலையில், துறைப் பொறியாளர் ஒப்புதலோடு தை மாதத்தில் ஓரடி வரை அப்படிப் பிடிக்கலாம். கொள்ளளவைப் பெருக்க வேண்டுமானால், உள்வாயில் (கண்மாயின் நீர் தேங்கும் உட்பகுதியில்) மேடிட்டிருக்கும் வண்டலை அள்ளுங்கள்; ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் தானாக வயலுக்குப் பாயாது, ஆடுமாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும்தான் உதவும். மண் எடுக்கும் இடம் கரையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தள்ளி இருக்கட்டும். லாரி வந்து போக வசதி என்று கரையை ஒட்டியே தோண்டினால், கலுங்கைத் தொடாமலேயே கரையடி ஆழத்தை 10 அடியாக்கிவிடுவீர்கள்.