அம்மாவின் குரல் பதிவுகள் பற்றி

அம்மா தவறிய பிறகு அவர் எண்ணை ரீசார்ஜ் செய்யாவிட்டால், பேத்திக்காக அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

உங்கள் போனுக்கு வந்தவை அங்கேயே இருக்கும். அவர் கணக்கு நீங்கினாலும் அழியாது. அவர் போனில் மட்டும் இருப்பவற்றுக்குத்தான் அவசரம். ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் முடக்கப்படலாம், பிறகு வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் திறக்காமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். அதனால் இந்த வாரமே அவர் போனுக்குச் சார்ஜ் போட்டு, முக்கியமான சாட்களை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். குரல் பதிவுகள் ஓபஸ் (.opus) என்ற ஒலிக் கோப்புகளாக வரும். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று உடன்பிறந்தவர் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், "பாப்பா சாப்பிட்டாளா", "மருந்து வாங்கிட்டியா" மாதிரி சின்னப் பதிவுகளைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தைவிட அவற்றில்தான் அம்மா அப்படியே இருப்பார். யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னது என்று ஞாபகம் இருக்கும்போதே கோப்பின் பெயரில் எழுதி வையுங்கள். பேத்தி வளர்ந்து கேட்கும்போது புரியும். இப்போது கேட்க உங்களுக்கு மனசு வரவில்லையா, சரி, கேட்காமலே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெயர் வைக்கும் வேலையைச் சித்தியோ மாமாவோ செய்யலாம்.