கத்தாம வேலை வாங்க முடியுமா சார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல டென்ஷன், கோவம், டீம்ல யாரும் மதிக்கல, காலைல எந்திரிக்க முடியலன்னே இருக்கு. சரி, இந்த வாரம் இது மட்டும் தான். கோயில், கிச்சன், பங்குச்சந்தை கேள்வியெல்லாம் அடுத்த வாரம்.

நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனில ப்ரொடக்‌ஷன் பாத்துக்கறேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கினா எனக்கு தலகால் புரியாது, செக்கிங் அக்காங்கள்ல ஆரம்பிச்சு பேக்கிங் பசங்க வரைக்கும் எல்லாரையும் கத்தித் தீத்துடறேன். வீட்ல "தோனி மாதிரி கூலா இருங்க"ங்கறாங்க. அதெல்லாம் பிறவியிலயே வர்றது தானே சார்? – வாசகர், திருப்பூர்

தோனிக்கும் கோவம் வரும் தம்பி. 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர்ல ராஜஸ்தானோட ஐபிஎல் மேட்ச், கடைசி ஓவர்ல சிஎஸ்கேவுக்கு 18 ரன் வேணும், தோனி 58 அடிச்சுட்டு அதே ஓவர்ல ஸ்டோக்ஸ் பந்துல போல்டாகி வெளிய போயிட்டாரு. அடுத்த பந்துக்கு ஒரு அம்பயர் நோ பால்னு கை காட்ட இன்னொரு அம்பயர் இல்லன்னுட்டாரு, அவ்ளோதான், மனுஷன் டீம் உக்காந்திருக்கற இடத்துல இருந்து விறுவிறுன்னு கிரவுண்டுக்குள்ளயே வந்து அம்பயர்ட்ட சண்டைக்கு நின்னுட்டாரு. மேட்ச் ஃபீஸ்ல பாதி அபராதம். கடைசி பந்துல சான்ட்னர் சிக்ஸ் அடிச்சு சிஎஸ்கே ஜெயிச்சிடுச்சு, ஆனா தோனி உள்ள வந்து கத்தினதுக்கும் அந்த சிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நோ பால் திரும்பக் கூட கிடைக்கல. நீங்க கத்தினதுக்கும் கன்டெய்னர் ஏறினதுக்கும் இருக்கிற சம்பந்தமும் இவ்ளோ தான். கத்தினேன், சரக்கு போச்சு, அதனால கத்தினா தான் சரக்கு போகும்னு நம்ம மண்டை கணக்கு போட்டுக்குது.

சரி, கூல்ங்கறது எங்க இருந்து வருது? 2011 ஏப்ரல் 2, வான்கடேல நடந்த வேர்ல்ட் கப் ஃபைனல எடுத்துக்கோங்க. 275 டார்கெட், சேவாக் சச்சின் கோலி மூணு பேரும் போயாச்சு, ஸ்கோர் 114. அடுத்து வரவேண்டிய யுவராஜ் அந்த வேர்ல்ட் கப் முழுக்க செம ஃபார்ம், தோனியோ அது வரைக்கும் ஒரு ஃபிஃப்டி கூட அடிக்கல. அப்படி இருந்தும் தானே முன்னாடி இறங்குனாரு. தைரியம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது தைரியமா மட்டும் தெரியல. முரளிதரன் பந்து போட்டுட்டு இருக்காரு, அவரை மூணு வருஷமா சிஎஸ்கே நெட்ஸ்ல ஆடிப் பழகினவரு தோனி. அந்தப் பக்கம் கம்பீர் லெஃப்ட் ஹேண்ட், இன்னொரு லெஃப்ட் ஹேண்டர விட ரைட் ஹேண்டர் போனா நல்லது. கையில ரெண்டு சரியான காரணம் இருந்துச்சு, அதனால முகத்துல பதட்டம் இல்ல. 79 பந்துல 91 நாட் அவுட்.

உங்களுக்கு கையில காரணம் இல்ல, அதான் வாயில சத்தம். லேட் ஆனது எங்கன்னு யோசிச்சுப் பாருங்க. சாயம் போடற டையிங்ல இருந்து துணி நாலு நாள் தள்ளி வந்திருக்கும், இல்ல லேபிள் வந்திருக்காது. கடைசி ராத்திரி திட்டு வாங்கறது மட்டும் செக்கிங் டேபிள்ல நிக்கிற அக்கா. கப்பல விட்டா சொந்தக் காசுல ஏர்ல அனுப்பணுமேங்கற பயம் உங்களுக்கு, புரியுது, ஆனா அந்த பயத்தை பத்து நாள் முன்னாடியே டையிங்காரர்ட்ட போய் காட்டிருக்கணும். தினம் சாயங்காலம் எந்த பீஸ் எங்க நிக்குதுன்னு நீங்களே ஃப்ளோர்ல நடந்து ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, சூப்பர்வைசர்ட்ட ஃபோன்ல கேக்காதீங்க, அவர் "ஆச்சுங்கண்ணா, முடிஞ்சுருங்கண்ணா"ன்னு தான் சொல்லுவாரு.

என் பொண்ணு பிளஸ் டூ, நீட்டுக்கும் படிக்கறா. நல்லா படிக்கற பொண்ணு தான், ஆனா டெஸ்ட்ல ஒரு கேள்வி வரலன்னா அதோட மொத்தமா ஆஃப் ஆயிடறா, ஒரு டெஸ்ட் சரியா போகலன்னா அடுத்த மூணு டெஸ்டும் போகுது. என்ன சொல்லி தேத்தறது? – வாசகி, மதுரை

அம்மா, சாம்பியன் ஆனப்போ உங்க பொண்ணை விட ஒரு வயசோ ரெண்டு வயசோ தான் பெரிய பையன், நம்ம சென்னை குகேஷ். செஸ்ல உலக சாம்பியன் ஆனாருன்னு எல்லாருக்கும் தெரியும், எப்படி ஆனாருன்னு முழுசா உக்காந்து பாத்தவங்க கம்மி. 2024 நவம்பர் கடைசில சிங்கப்பூர்ல அப்போ சாம்பியனா இருந்த டிங் லிரனோட 14 கேம். மொத கேமே தோல்வி, அதுவும் வெள்ளைக் காய் வச்சுக்கிட்டு. மூணாவது கேம்ல ஜெயிச்சு சமன் பண்ணாரு, அப்புறம் வரிசையா ஏழு டிரா, பாக்கறவனுக்கே கொட்டாவி வந்துச்சு. பதினொண்ணாவது ஜெயிச்சு ஒரு பாயின்ட் லீட் எடுத்தாச்சு, அப்பாடான்னு உக்காந்தா மறுநாளே பன்னெண்டாவது கேம்ல அடி. இங்க தான் உங்க பொண்ணு மாதிரி பசங்க "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு உடைஞ்சு போவாங்க. அவர் ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தாரு, பதிமூணு டிரா, 6.5க்கு 6.5.

கடைசி கேம் டிசம்பர் 12. போர்டுல குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் அதிகம், ஆனா முறையா ஆடினா டிரா தான், கமென்ட்ரில எல்லாரும் டைபிரேக் பத்தி பேச ஆரம்பிச்சுட்டாங்க. இவர் மட்டும் விடாம அதையும் இதையும் நகர்த்திக்கிட்டே இருக்காரு. 55வது நகர்த்தல்ல டிங் யானைய தப்பான கட்டத்துக்கு கொண்டு வந்தாரு. அப்போ என்ன நடந்துச்சுன்னு குகேஷே பிரஸ் மீட்ல சொன்னாரு, அந்த தப்பு மொதல்ல தன் கண்ணுலயே படலையாம், வேற ஒரு நகர்த்தலத் தான் பண்ணப் போனாராம், அப்புறம் தான் டிங்கோட பிஷப் மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சுதாம். பாத்தீங்களா, காய்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்தாரு. மூணு வாரமா ஆடிட்டு, நாலு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டு, அந்த நிலைமைலயும் இன்னொரு தடவை பாக்கற பழக்கம் போகல. 18 வயசுல உலக சாம்பியன். டிங் கை குடுத்துட்டுப் போனப்புறம் அழுதாரு, அழுதுகிட்டே கலைஞ்சு கிடந்த காயெல்லாம் எடுத்து மறுபடி அதது கட்டத்துல அடுக்கி வச்சாரு. வீடியோல இருக்கு, பொண்ணுக்கு அந்த பகுதிய மட்டும் காட்டுங்க, மீதி அட்வைஸெல்லாம் வேணாம்.

கேம் ஆரம்பிக்க முன்னாடி அவர் கண்ணை மூடி உக்காந்திருப்பாரு, கவனிச்சிருப்பீங்க. பேடி அப்டன்னு ஒருத்தர், 2011 வேர்ல்ட் கப் ஜெயிச்ச நம்ம கிரிக்கெட் டீமுக்கு மனசு சம்பந்தமான பயிற்சி குடுத்தவரு, குகேஷ் கூடயும் வேலை செஞ்சாரு. அவ்ளோ பெரிய ஆளுக்கே உதவிக்கு ஆள் தேவைப்படுது, அதனால ஸ்கூல்ல கவுன்சலர் இருந்தா போய் பேசறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

வீட்ல உங்க பங்குக்கு ஒண்ணு. டெஸ்ட் முடிச்சு வெளிய வர்ற பொண்ணுகிட்ட கேட்லயே "எத்தனை வரும்?"னு கேக்கறத நிறுத்துங்க. அப்பா ராத்திரி ஆன்சர் கீ வச்சுக்கிட்டு உக்காருவாரே, அதையும். போன டெஸ்ட்ட வீட்ல நீங்க ரெண்டு பேரும் முடிக்கவே விடலன்னா அடுத்த டெஸ்ட்டுக்கு அவ எப்படிம்மா போவா? தெரியாத கேள்வி வந்தா பக்கத்துல ஒரு சுழி போட்டுட்டு தாண்டிப் போகணும், தப்புக்கு மைனஸ் மார்க் வேற இருக்கு, இத வீட்ல எழுதற மாடல் டெஸ்ட்லயே பழகணும். பரீட்சை ஹால்ல போய் புதுசா பழக முடியாது.

மோட்டிவேஷன் வீடியோ பாத்தா பிரயோஜனம் உண்டா? – வாசகர், விழுப்புரம்

பாத்துட்டு இருக்கற வரைக்கும் உண்டு.

ஐடில டீம் லீட் ஆக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் கூட டீ குடிச்ச பசங்க இன்னைக்கு நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. ஸ்ட்ரிக்ட்டா இருக்கறதா, ஃப்ரெண்டாவே இருக்கறதா? – வாசகர், சோழிங்கநல்லூர்

ரஹானேகிட்ட கேக்க வேண்டிய கேள்வி இது. 2020 டிசம்பர், அடிலெய்டு டெஸ்ட்ல இந்தியா 36க்கு ஆல் அவுட், நம்ம சரித்திரத்துலயே கம்மி ஸ்கோர். கேப்டன் கோலி குழந்தை பொறக்கப் போகுதுன்னு ஊருக்கு கிளம்பிட்டாரு, ஷமிக்கு கை உடைஞ்சுடுச்சு. ஒரே வாரத்துல மெல்போர்ன்ல பாக்ஸிங் டே டெஸ்ட், நேத்து வரைக்கும் வைஸ் கேப்டனா அமைதியா நின்ன மனுஷன் கையில டீம். ரஹானே பெருசா எதுவும் பேசினதா செய்தி வரல, 112 ரன் அடிச்சாரு. எப்படி அவுட் ஆனாரு பாருங்க, ஜடேஜா 49ல நிக்கறாரு, ஃபிஃப்டிக்கு ஒரு சிங்கிள் ஓடறாங்க, ரஹானே ரன் அவுட். செஞ்சுரி அடிச்ச கேப்டன், டீம் பெரிய லீட் எடுக்கற நேரம், கோவப்பட எல்லா நியாயமும் இருக்கு. ஜடேஜாவ தட்டிக் குடுத்துட்டு, நீ ஆடுங்கற மாதிரி சொல்லிட்டு நடந்து போயிட்டாரு. அத டிரெஸ்ஸிங் ரூம் மொத்தமும் பாத்துச்சு. எட்டு விக்கெட்ல ஜெயிச்சாங்க, ஜனவரி 19ல பிரிஸ்பேன்ல 328 சேஸ் பண்ணி சீரிஸையே தூக்கினாங்க. கோப்பைய வாங்கி யார் கையில குடுத்தாரு? நெட் பவுலரா போய் அங்கேயே டெஸ்ட் ஆடின நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கையில.

ஸ்ட்ரிக்ட்டா ஃப்ரெண்டாங்கறது ரெண்டாவது விஷயம் தம்பி. ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி ப்ரொடக்‌ஷன்ல அதாவது ஜனங்க பயன்படுத்தற சாஃப்ட்வேர்ல, ஏதாவது ஒடைஞ்சா ஃபோன் காலை எடுக்கறது யாரு, மத்த நாள்ல யாரும் எடுக்க மாட்டேங்கற பழைய பக் டிக்கெட்ட எடுக்கறது யாரு, பசங்க அதத்தான் பாப்பாங்க. மூணு மாசம் பண்ணுங்க, டீயும் தொடரும் பேச்சும் எடுபடும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இப்படி இருந்தா கம்பெனி தலைல தூக்கி வச்சுக்கும்னு நினைக்காதீங்க. அதே ரஹானே ஒரு வருஷத்துல டெஸ்ட் டீம்ல இருந்தே வெளிய போனாரு. திரும்பி 2023 டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல வந்து 89 அடிச்சாரு, அதுக்கப்புறமும் இடம் நிலைக்கல. எனக்கு இதுல இன்னும் வருத்தம் உண்டு.

லேத் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஆபரேட்டர் செட்டிங் தப்பா வச்சு 200 பீஸ் ரிஜெக்ட். கம்பெனிக்காரன்கிட்ட திட்டு வாங்கினது நான். அவன் தப்புக்கு நான் ஏன் வாங்கணும்? – வாசகர், கணபதி, கோவை

ஏன்னா பில்லுல உங்க பேரு இருக்கு! 1979 ஆகஸ்ட் 10 கதை எல்லாருக்கும் வாட்ஸப்ல வந்திருக்கும், எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்துச்சு, பிராஜெக்ட் பாத்தது கலாம், பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் உக்காந்து பொறுப்பு ஏத்துக்கிட்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ல ஜெயிச்சப்போ நீ போய் பேசுன்னு கலாம அனுப்பிட்டாரு. இதோட ஃபார்வர்ட் மெசேஜ் முடிஞ்சிடும், கண்ணுல தண்ணி வர்ற எமோஜியோட. எனக்கு முக்கியமா படறது நடுவுல இருக்கற அந்த பதினோரு மாசம். வெளிய காப்பாத்திட்டாங்கன்னு உள்ள விட்டுடல, எங்க போச்சுன்னு துருவி எடுத்தாங்க, ரெண்டாவது ஸ்டேஜ் கன்ட்ரோல் சிஸ்டத்துல ஆசிட் லீக் ஆனது தெரிஞ்சுது, சரி பண்ணாங்க, அப்புறம் தான் அடுத்த ராக்கெட். நம்ம ஊர்ல பாதி முதலாளி வெளிய ஆபரேட்டர காட்டிக் குடுப்பாரு, மீதி பாதி வெளியவும் தாங்கி உள்ளவும் ஒண்ணும் கேக்காம நல்லவர் பேரு வாங்குவாரு, ரெண்டுமே அடுத்த 200 பீஸுக்கு வழி.

கம்பெனில நீங்க வாங்கிட்டீங்க, சரி. இப்ப மிஷின் பக்கத்துல நின்னு அந்த பையனையே மறுபடி செட்டிங் வைக்கச் சொல்லிப் பாருங்க. மொத பீஸ அளந்தானா, அளந்தா கேஜ் சரியா இருக்கா, டிராயிங் புதுசா பழசான்னு. பாதி நேரம் தப்பு ஆபரேட்டர்ட்ட ஆரம்பிச்சிருக்காது.

காலைல 5 மணி, வாக்கிங், புக் படிக்கறது, சக்கரை இல்லாம காபி, எல்லாம் மாசா மாசம் ஆரம்பிக்கறேன், ஒரு வாரம் தாண்ட மாட்டேங்குது. – வாசகர், நாகர்கோவில்

நாலையும் ஒண்ணா ஆரம்பிச்சா எப்படி தாண்டும்? 2003-04 ஆஸ்திரேலியா டூர்ல சச்சின் ஸ்கோர் 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போற பந்த டிரைவ் ஆடப் போயும் அவுட் ஆகிருந்தாரு. ஜனவரில சிட்னி டெஸ்ட்டுக்கு அவர் புதுசா எந்த ஷாட்டும் கத்துக்கல, இருந்ததுல ஒண்ண விட்டாரு. கவர் டிரைவ், அதுவும் அவரோட அழகான ஷாட். பத்து மணி நேரத்துக்கு மேல நின்னாரு, 436 பந்து, ஆஸ்திரேலியாக்காரன் அங்கயே போட்டுப் போட்டு ஆசை காட்டினான், தொடல. 241 நாட் அவுட்.

நீங்களும் ஒண்ண விடுங்க, சேக்கறத அப்புறம் பாக்கலாம். ராத்திரி பெட்ல ஃபோன். அது போனா தூக்கம் வரும், தூக்கம் வந்தா 5 மணி இல்லனாலும் ஆறுக்கு கண்ணு தானா முழிக்கும். ஃபோன ஹால்ல சார்ஜ் போட்டுட்டு படுங்க. அலாரத்துக்கு என்ன பண்றதுன்னு அடுத்த லெட்டர் போடாதீங்க, அலாரம் கடிகாரம் இன்னும் கடையில விக்கறாங்க.