பெயர் படத்துக்குள்ளேயே இருக்கட்டும்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்தோம். அம்மம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, 800 படங்களுக்கும் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு மென்பொருளில் தமிழில் பதிந்தோம். புதுக் கணினிக்குப் படங்களை மாற்றியதும் ஒரு பெயர்கூட இல்லை. எல்லாப் படங்களுக்கும் ஸ்கேன் செய்த 2019தான் தேதியாகக் காட்டுகிறது. அம்மம்மா இப்போது இல்லை. பெயர்களை மீட்க முடியுமா? இனி எப்படிச் சேமிப்பது?

பதில்: முதல் வேலையாக, பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஃபார்மட்டும் செய்ய வேண்டாம். அம்மம்மா சொன்ன பெயர்கள் பெரும்பாலும் இன்னும் அதில்தான் இருக்கும்.

பல மென்பொருள்கள் நாம் தட்டச்சு செய்வதைப் படக் கோப்புக்குள் எழுதுவதில்லை, தங்களுடைய தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கின்றன. படத்தின் பின்பக்கத்தில் எழுதாமல் வேறொரு நோட்டில் எழுதியது போலத்தான் இது. நீங்கள் படங்களை எடுத்துவந்தீர்கள், நோட்டு அங்கேயே நின்றுவிட்டது. லைட்ரூம் கிளாசிக் என்ற படத் தொகுப்பு மென்பொருள்கூட, நாம் அமைப்பை மாற்றாதவரை, எழுதுவதைக் கேட்டலாக் என்ற தன் தரவுத்தளத்தில்தான் வைக்கும்.

பழைய கணினியில் அந்த மென்பொருளைத் திறந்து, மெட்டாடேட்டாவை, அதாவது பெயர், ஊர், தேதி போன்ற படத்தைப் பற்றிய தகவல்களை, கோப்பில் எழுதும் கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு முன் படங்கள், தரவுத்தளம் இரண்டையும் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். நான்கைந்து படங்களில் சோதித்துப் பார்த்த பிறகு மொத்தத்தையும் எழுதவைக்கலாம். ஜேபெக் கோப்பில் மெட்டாடேட்டாவை மட்டும் எழுதுவதால் படத்தின் தரம் குறையாது, அந்தப் பயம் வேண்டாம்.

சரி, கோப்புக்குள் எங்கே எழுதுவது? தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. கோப்புக்குள் மூன்று பெட்டிகள் உண்டு. எக்ஸிஃப் என்பது 1995இல் ஜப்பானில் உருவானது. கேமரா, தேதி, ஷட்டர் வேகம் போன்றவற்றுக்கானது. அதிலுள்ள விளக்கப் புலம் (விளக்கம் எழுதும் இடம்) நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும்படி இருந்தது. 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான் தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறைக்கு இடம் கிடைத்தது. பழைய மென்பொருள்களுக்கு அது தெரியாது.

அடுத்தது, பத்திரிகைப் படங்களுக்காக வந்த பழைய ஐபிடிசி பெட்டி. இதில் ஒவ்வொரு புலத்துக்கும் பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) கணக்கில் உச்சவரம்பு உண்டு. ஊர்ப் பெயருக்கு 32 பைட்தான். ‘யாழ்ப்பாணம்’ நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக 11 குறிகள். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்றால் மொத்தம் 33. ஒரே ஒரு பைட் அதிகம்! கடைசி மகரத்தின் புள்ளி உடைந்துபோகும். 64 பைட் உள்ள குறிச்சொல் புலத்திலும் 21 குறிகளுக்கு மேல் இடமில்லை. போதாததற்கு, எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று கோப்பில் குறிக்காவிட்டால் வேறு மென்பொருளில் தமிழ் குப்பையாகத் தெரியக்கூடும்.

மூன்றாவது எக்ஸ்எம்பி. அடோபி 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமானது. அடிப்படையே யூனிகோடு, மேலே சொன்ன பைட் வரம்புகளும் கிடையாது. ‘படத்தில் இருப்பவர்’ என்ற தனிப் புலமும் இதில் உண்டு. ஆகவே தமிழ்ப் பெயர்கள், விளக்கம், ஊர் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுங்கள். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளின் மெட்டாடேட்டா அமைப்புகளில் கோப்புக்குள் எழுதும்படி தேர்ந்தெடுக்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கப் பழகியவர்களுக்கு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் போல வேறொன்றில்லை. 800 படங்களையும் ஒரே மூச்சில் திருத்தும், மூலக் கோப்பையும் தானாகவே நகலாக வைக்கும்.

தேதிக்கு வருவோம். எடுத்த நாளுக்கும் ஸ்கேன் செய்த நாளுக்கும் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. 2019 இரண்டாவதில் இருக்கட்டும். எடுத்த நாள் புலத்தில் பழைய ஆண்டை எழுதுங்கள். ஆண்டு மட்டும்தான் தெரியும் என்றால் எக்ஸ்எம்பி வெறும் 1974ஐயும் ஏற்கும். எக்ஸிஃபுக்காக ஜனவரி 1 என்று போட வேண்டிவந்தால், ‘நாள் தெரியாது, ஆண்டு அம்மம்மா சொன்னது’ என்று விளக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் அதை உண்மையான நாள் என்று நம்பிவிடுவார்கள்.

இந்தப் படங்களை உறவினர்களுக்கு அனுப்பும்போதும் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுதியதெல்லாம் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் தங்கும். கூகுள் ஃபோட்டோஸில் போய் விளக்கம் எழுதினாலும் இதே கதைதான்: டேக்அவுட் என்ற கூகுளின் பதிவிறக்க வசதி வழியாகத் திரும்ப எடுக்கும்போது அது படத்துக்குள் வராது, பக்கத்தில் ஜேசன் என்ற வகைத் தனி எழுத்துக் கோப்பாக வரும். அந்தக் கோப்புகளைத் தேவையில்லாதவை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பத்துப் படங்களை மட்டும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர் முழுதாகத் தெரிந்தால் எழுத்து கோப்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பழைய மென்பொருளில் கோப்பில் எழுதும் கட்டளையே இல்லையென்றால், அதன் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். தரவுத்தளத்திலிருந்து பெயர்களை நேரடியாக எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.