இங்கிலாந்தில் மன்னரின் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கைக்குப் போனது எப்படி?

முக்கியக் காரணம் பணம். முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். கடலோர ஊர்கள் கட்டிவந்த கப்பல் வரியை உள்நாட்டு மக்கள் தலையிலும் கட்டினார். ஸ்காட்லாந்துடன் சண்டை மூண்டதும் கஜானா காலி. 1640இல் வேறு வழியின்றி அவையைக் கூட்டினார்.

1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய, படைவீரர்களுடன் அவைக்கே வந்துவிட்டார். ஐவரும் முன்பே தப்பியிருந்தனர். "அவர்கள் எங்கே?" என்று கேட்டதற்கு, சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டபடியே, இந்த அவை பணித்தாலன்றித் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். எவ்வளவு துணிச்சல்! அதே ஆண்டு உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649இல் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது.

ஆனால் நிலைத்து நின்றது 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம்தான்: நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி விதிக்கக் கூடாது, அந்தச் சம்மதமின்றி அமைதிக்காலத்தில் நிரந்தரப் படையும் வைக்கக் கூடாது. மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி ஆட்சியாளர் அரசி ஆன், 1708இல்.