ரம்ஸ்ஃபெல்ட யாராவது கேள்வி கேட்டாங்களா? ஈராக் போர் கேள்வி பதில்

போன வாரம் ஈராக் போர் பத்தி பேசும்போது "இவ்ளோ சொதப்பின அந்த பாதுகாப்பு அமைச்சர் மேல ஒரு நடவடிக்கையும் இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, அதுலருந்து கேள்வி மேல கேள்வியா வந்து சேந்துருச்சு. அந்த அமைச்சர், அதாவது அமெரிக்காவோட டிஃபென்ஸ் செக்ரட்டரியா இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பத்தி ரொம்ப வருஷமா படிச்சிட்டு வர்றேன், தெரிஞ்சத சொல்றேன்.

அண்ணா, டிஃபென்ஸ் செக்ரட்டரின்னா நம்ம ஊரு செக்ரட்டரி மாதிரி ஐஏஎஸ் ஆபீசரா, மந்திரியா?

மந்திரிதான் தம்பி. ஆனா எம்பி கிடையாது. ஜனாதிபதி ஆள புடிப்பாரு, செனட், அதாவது அங்க மேல்சபை, ஓகே சொல்லணும், அப்புறம் ஜனாதிபதி வேணாம்னு சொல்ற வரைக்கும் சீட் உறுதி. இன்னொண்ணு, 1986ல வந்த சட்டப்படி போர் உத்தரவு ஜனாதிபதிகிட்டருந்து இவருக்கு, இவர்கிட்டருந்து களத்துல இருக்கற கமாண்டருக்கு. பென்டகன்ங்கற ராணுவ தலைமையகத்துல இருக்கற முப்படை தளபதிங்க ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். அதனால "அதெல்லாம் ஜெனரல்ங்க பாத்துக்கிட்டாங்க, எனக்கென்ன தெரியும்"னு இவரு கழண்டுக்க முடியாது.

சார், சதாம மூணே வாரத்துல காலி பண்ணிட்டாங்க, இதுல சொதப்பல் எங்க?

அதோட முடிஞ்சிருந்தா அவரு ஹீரோதான். 2003 மார்ச் 20 ஆரம்பம், ஏப்ரல் 9 பாக்தாத் விழுந்துச்சு, சரி. பிரச்சினை ஏப்ரல் 10லருந்து. போருக்கு முன்னாடி பிப்ரவரியிலயே தரைப்படை தளபதி ஷின்செக்கி செனட்ல உக்காந்து, நாட்ட புடிச்சப்புறம் அமைதியா வெச்சுக்க பல லட்சம் பேர் வேணும்னு சொன்னாரு, ரெண்டே நாள்ல ரம்ஸ்ஃபெல்டோட துணை அமைச்சர் உல்ஃபோவிட்ஸ் அந்த கணக்கு ஏறுக்கு மாறா இருக்குன்னு வெளிப்படையா மட்டம் தட்டினாரு. கம்மி ஆளு, நிறைய டெக்னாலஜி, வேகமா முடி, அதுதான் ரம்ஸ்ஃபெல்டோட சித்தாந்தம். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் அமெரிக்க படையோட போனாங்க. சதாம விரட்ட அது போதும், ஊர காவல் காக்க போதல. மியூசியத்துலருந்து ஆயிரக்கணக்கான பழம்பொருள் களவு போச்சு, அமைச்சக கட்டடமெல்லாம் எரிஞ்சுச்சு, எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருந்துச்சு. அத பத்தி கேட்டதுக்கு மனுஷன் சொன்னது "ஸ்டஃப் ஹாப்பன்ஸ்". அதாவது இதெல்லாம் நடக்கறதுதான்.

மே மாசம் இன்னும் மோசம். பால் பிரெமர்னு ஒருத்தர் ஈராக்க நிர்வகிக்க போனாரு, காகிதப்படி ரம்ஸ்ஃபெல்டுக்கு கீழதான். 16ஆம் தேதி சதாமோட பாத் கட்சிக்காரங்கள வேலைய விட்டு தூக்கினாரு, 23ஆம் தேதி ஈராக் ராணுவத்தயே கலைச்சாரு. லட்சக்கணக்கான ஆம்பளைங்க, துப்பாக்கி புடிக்க தெரியும், சம்பளம் இல்ல, மரியாதையும் போச்சு. அப்புறம் ஏன் குண்டு வெடிக்குதுன்னு கேட்டா என்ன சொல்றது. எதிர்த்து சண்டை போடறவங்கள எல்லாம் சதாமோட மிச்சம் மீதின்னு ரம்ஸ்ஃபெல்ட் சொல்லிட்டு இருந்தாரு, கொரில்லா போர்ங்கற வார்த்தையயே ஒத்துக்கல, ஜூலைல புது கமாண்டர் அபிசெய்ட் பேட்டில அத போட்டு உடைச்சிட்டாரு.

சிப்பாய்ங்க வண்டிக்கு கவசம் இல்லாம குப்பைல இரும்பு பொறுக்கினாங்கன்னு ஒரு கதை கேட்டேன், நிஜமா?

நிஜம். 2004 டிசம்பர் 8, குவைத் முகாம். ஒரு சிப்பாய் எழுந்து, துருப்புடிச்ச இரும்பையும் ஒடஞ்ச கண்ணாடியையும் குப்பைமேட்டுலருந்து பொறுக்கி வண்டில கட்டிட்டு போறோம், ஏன் இப்படின்னு நேருக்கு நேர் கேட்டாரு. இருக்கற ராணுவத்த வெச்சுதான் போருக்கு போறோம், ஆசைப்படற ராணுவத்த வெச்சு இல்லன்னு பதில். அட, போருக்கு தேதி குறிச்சதே நீங்கதானே! ஒரு நிருபர் சொல்லிக்கொடுத்த கேள்வின்னு அப்புறம் ஒரு சர்ச்சை. இருக்கட்டும், கேட்டவுடனே சுத்தி நின்ன சிப்பாய்ங்க ஆரவாரம் பண்ணாங்களே, அத யாரு சொல்லிக்கொடுத்தா.

ஈராக்ல அமெரிக்க சிப்பாய்ங்க கைதிங்கள சித்திரவதை பண்ண அபு கிரைப் சிறை விஷயத்துல முழு பொறுப்பும் என்னோடதுன்னு சொன்னாரே ஜி, அது பெரிய விஷயம் இல்லையா?

சொன்னாரு. 2004 மே 7, செனட் கமிட்டி முன்னாடி. எனக்கு எரிச்சலே அங்கதான். அந்த வாக்கியத்துக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு? ரெண்டு தடவ ராஜினாமா குடுத்தேன், ஜனாதிபதி புஷ் வாங்கிக்கலன்னு பின்னால அவரே சொன்னாரு. கீழ பாத்தா 11 சிப்பாய்ங்களுக்கு தண்டனை, அதிகபட்சம் 10 வருஷம் ஜெயில். ஒரே ஒரு பெண் பிரிகேடியர் ஜெனரலுக்கு பதவி எறக்கம். மேல யாரும் தொடப்படல. அதே வருஷம் டிசம்பர்ல பிரெமருக்கும், படைய நடத்தின ஜெனரல் ஃபிராங்க்ஸுக்கும் நாட்டோட உயர்ந்த குடிமகன் விருது வேற.

இதுல ஒரு காகிதம் இருக்கு. 2002 டிசம்பர் 2, கியூபால அமெரிக்கா நடத்தற குவான்டனாமோ சிறை கைதிங்கள எப்படியெல்லாம் விசாரிக்கலாம்னு வந்த பட்டியல்ல ரம்ஸ்ஃபெல்ட் கையெழுத்து. நிக்க வெக்கறது 4 மணி நேரம்னு இருந்துச்சு. "நான் ஒரு நாளைக்கு 8, 10 மணி நேரம் நிக்கறேன், இதுக்கு மட்டும் ஏன் 4?"ன்னு ஓரத்துல கைப்பட எழுதி வெச்சிருக்காரு. சில வாரத்துலயே அந்த அனுமதிய வாபஸ் வாங்கிட்டாரு, ஆனா அந்த வழக்கம் அங்கருந்து ஈராக் வரைக்கும் பரவுச்சு. ஏதோ நாலு கெட்ட சிப்பாய்ங்க பண்ண வேலை இல்லன்னு 2008ல ரெண்டு கட்சியும் இருந்த செனட் கமிட்டியே சொல்லிருச்சு.

ஜெனரல்ங்க ஏன் வாயே தொறக்கல?

பதவில இருக்கற ஆபீசர் பாதுகாப்பு அமைச்சர இழிவா பேசினா ராணுவ சட்டத்துல குத்தம், 88ஆவது பிரிவு. ஓய்வானப்புறம் பேசினாங்க. 2006 மார்ச், ஏப்ரல்ல ஆறு ஓய்வு ஜெனரல்ங்க அடுத்தடுத்து இவர் போகணும்னாங்க, அதுல பட்டீஸ்ட்ங்கறவர் ஈராக்லயே ஒரு பெரிய படைப்பிரிவ நடத்தினவர். புஷ் "ஐ ஆம் த டிசைடர்", முடிவு எடுக்கறவன் நான்தான்னு சொல்லி அமுக்கிட்டாரு. உள்ள இருக்கும்போது பேசாம பென்ஷன் வந்தப்புறம் பேசறது என்ன வீரம்னு கேட்டவங்களும் உண்டு, எனக்கும் அதுல பாதி சம்மதம்.

பார்லிமென்ட்ல நம்பிக்கை இல்லா தீர்மானம் கொண்டு வரலாமே? இல்ல கோர்ட்டுக்கு போகலாமே?

அங்க நம்பிக்கை இல்லா தீர்மானம் பாஸானாலும் மந்திரி போக வேண்டியதில்ல. 2006 செப்டம்பர்ல செனட்ல ட்ரை பண்ணாங்க, புஷ்ஷோட குடியரசு கட்சி ஓட்டுக்கே விடல. இம்பீச்மென்ட், அதாவது பதவி நீக்க விசாரணை, பண்ணலாம், 1876ல பெல்நாப்னு ஒரு போர் அமைச்சர பண்ணியும் இருக்காங்க. ஆனா அது லஞ்ச கேஸு, அவரும் ஓட்டெடுப்புக்கு முன்னாடியே அழுதுட்டே ராஜினாமா பண்ணி, தண்டிக்க வேண்டிய மூணுல ரெண்டு பங்கு ஓட்டு செனட்ல கிடைக்காம தப்பிச்சாரு. கோர்ட்ல, சித்திரவதை பட்ட ஈராக்கியருங்களும் ஆப்கானியருங்களும் 2005ல கேஸ் போட்டாங்க, 2007ல தள்ளுபடி, 2011 அப்பீல்லயும் அதேதான். ஜெர்மனில குடுத்த புகாரையும் அங்க எடுத்துக்கல.

அப்போ கடைசில யாருதான் அனுப்பினது?

ஓட்டு போட்டவங்க. 2006 நவம்பர் 1ஆம் தேதி கூட புஷ் இவர் கடைசி வரைக்கும் இருப்பாருன்னாரு. 7ஆம் தேதி தேர்தல்ல ரெண்டு சபையும் புஷ் கட்சி கைய விட்டு போச்சு, 8ஆம் தேதி ராஜினாமா அறிவிப்பு. இத முன்னாடியே பண்ணியிருந்தா செனட்டயாவது காப்பாத்தியிருக்கலாமேன்னு சொந்த கட்சிக்காரங்களே கொதிச்சாங்க. இதுல கூத்து என்னன்னா, தேர்தலுக்கு முந்தின நாள் ரம்ஸ்ஃபெல்டே ஒரு ரகசிய குறிப்புல இப்ப பண்றது சரியா வேலை செய்யலன்னு எழுதியிருக்காரு, டிசம்பர்ல அது பேப்பர்ல வந்துருச்சு. வெளில பேசினது ஒண்ணு, எழுதினது இன்னொண்ணு.

நம்ம நாட்டுல இப்படி யாராவது?

1962ல பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். சீனாக்காரன் உள்ள வந்து சில வாரத்துலயே சொந்த கட்சி எம்பிங்களே நேருவ நெருக்கி அவர வெளியேத்த வெச்சாங்க. மந்திரி பார்லிமென்ட்ல உக்காந்தாகணும்ங்கற முறைல அந்த ஒரு வசதி.

பின்னாடியாவது வருத்தப்பட்டாரா?

வியட்நாம் போர நடத்தின அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா தப்பு பண்ணிட்டோம்னு 1995ல, பதவி விட்டு 27 வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டாரு. இவரு 2021ல 88 வயசுல சாகற வரைக்கும் போர் தப்புன்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு, அபு கிரைப் சமயத்துலயே நான் போயிருக்கணும்னு 2011ல எழுதினாரு. அபு கிரைப் வெளில வந்தப்போ ஈராக்ல செத்திருந்த அமெரிக்க சிப்பாய்ங்க 800க்கு கீழ. அவரு நிஜமா ராஜினாமா பண்ணப்போ 2,800க்கு மேல. ஈராக்கியருங்க இந்த கணக்குல இல்ல.